சீர்திருத்தப் பணிக்குக் கற்றல்

பத்தாம் வகுப்போ பட்டப்படிப்போ முடித்த பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, "இனி எதற்குப் படிக்க வைக்கலாம், ஐயா?" என்று பெற்றோர் போதகரிடம் வருவது நம் சிற்றூர்ச் சபைகளில் இன்றும் மறையாத வழக்கம். ஆசிரியப் பணி, செவிலியர் பணி, காவல்துறை, இராணுவம் ஆகியவற்றைப்பற்றி நாம் ஒவ்வொருவரும் ஏதேனும் சொல்லிவிடுவோம். ஆயின் புதுக்கோட்டை மாவட்டத்து இளைஞர் சிலர், சிறைத்துறைக்கு விண்ணப்பிக்கலாமா என்றும் வினவுகின்றனர். இவ்வினாவிற்குத் தெளிவான விடை கூறும் போதகர் நம்மிற் சிலரே.

விடையறியாமையோடு ஒரு தயக்கமும் உண்டு. சிறைக்குள் சென்று பாடுவதையும் ஜெபிப்பதையும் ஊழியம் என்று போற்றுகிறோம். அதே சிறையில் இரவெல்லாம் கண்விழித்துக் காவல் புரிபவனின் வேலையை வெறும் உத்தியோகம் என்கிறோம். ஆறுதல் கூற வருபவன் நல்லவன், பூட்டுபவன் கடினன் என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. இவ்வெண்ணம் பொருந்தாது என்பதே எம் கருத்து. பூட்டுவதைச் சட்டப்படியும் மனிதத் தன்மையோடும் செய்வதிலிருந்துதான் திருத்தம் தொடங்குகிறது. அதற்குக் கல்வி வேண்டும்; அக்கல்வி தேர்வு எழுதும் நாளோடு முடிவதில்லை. அது எத்தகைய கல்வி என்பதை நம் மாவட்டத்து எடுத்துக்காட்டோடு விளக்க முற்படுகிறோம்.

பெயர் வந்த வழி

புதுக்கோட்டையில் பார்ஸ்டல் பள்ளி ஒன்று உண்டு. பள்ளி என்றதும் கரும்பலகையையும் மணியோசையையும் நினைப்பவர் உண்டு. அது சிறைத்துறையின் நிலையம். 18 வயது நிரம்பி 21 வயதைத் தாண்டாத இளைஞரை, முதிர்ந்த கைதிகளோடு கலவாமல் தனியே வைத்துக் காப்பதற்கென அமைந்தது.

பார்ஸ்டல் என்பது ஓர் ஊரின் பெயர். இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்து ராச்செஸ்டர் நகருக்கு அருகிலுள்ள சிற்றூர் அது. அங்கிருந்த சிறையில், 1902ஆம் ஆண்டில், சிறை ஆணையத்தின் தலைவராயிருந்த ஈவ்லின் ரகிள்ஸ்-பிரைஸ் என்பவர், இளைஞரை மட்டும் பிரித்து வைத்துத் தொழிலும் ஒழுங்கும் கற்பிக்கும் முயற்சியைத் தொடங்கினார். 1908இல் அது சட்டமாயிற்று. பின்னர், 1922இல் சிறை ஆணையர்களுள் ஒருவராகப் பொறுப்பேற்ற அலெக்சாண்டர் பேட்டர்சன் அதற்குப் புத்துயிர் அளித்தார். இலண்டனின் பெர்மாண்ட்சி என்னும் ஏழைகள் வாழ் பகுதியில் இளமைக் காலத்தைத் தொண்டில் கழித்தவர் அவர். பார்ஸ்டல் நிலையங்களில் பணியாற்றுவோர் காவலர் சீருடையைக் களைந்து சாதாரண உடையில் இருக்கவும், இளைஞரைச் சிறு சிறு இல்லங்களாகப் பிரித்து ஒவ்வோர் இல்லத்திற்கும் பொறுப்பாசிரியர் ஒருவர் இருக்கவும் வழி செய்தார். 1930ஆம் ஆண்டு மே மாதத்தில், ஃபெல்தாம் நிலையத்திலிருந்து நாட்டிங்காமுக்கு அருகிலுள்ள லோடம் கிரேஞ்ச் வரை ஓர் இளைஞர் குழுவைக் கால்நடையாகவே அழைத்துச் சென்று, மதிலில்லாத ஒரு புதிய நிலையத்தை அவர்கள் கைகளாலேயே எழுப்பச் செய்தனர். அந்நாளில் இது பெருந்துணிவு. தப்பியோட இடமிருந்தும் தங்கியிருக்கக் கற்பதே விடுதலைக்கு ஆயத்தம் என்பது அதன் உட்கருத்து.

நம் நாட்டிற்கு இக்கருத்து வந்த வழியும் நோக்கத்தக்கது. 1919-20ஆம் ஆண்டுகளில் இந்தியச் சிறைகளை ஆராய்ந்த குழுவின் தலைவர் அலெக்சாண்டர் கார்டியூ, சென்னை மாகாண ஆட்சியில் உயர்பொறுப்பு வகித்தவர். தண்டிப்பதோடு திருத்துவதும் சிறையின் கடமை என்று அக்குழுவின் அறிக்கை வற்புறுத்தியது. அதன் பின்னரே, 1925ஆம் ஆண்டின் பெயரைத் தாங்கி, 1926இன் ஐந்தாம் சட்டமாகச் சென்னை பார்ஸ்டல் பள்ளிகள் சட்டம் நிறைவேறிற்று. மாகாணத்தின் முதற்பள்ளி தஞ்சையில் அமைந்தது. பின்னர்ப் பாளையங்கோட்டையிலும் இருந்தது. புதுக்கோட்டையோ அந்நாளில் தொண்டைமான் மன்னரின் தனி அரசு. சென்னைச் சட்டசபையின் சட்டம் அங்கே செல்லாது. 1948 மார்ச்சு 3இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, நெடுநாள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிருந்து, 1974 சனவரி 14இல்தான் தனி மாவட்டமாயிற்று. சட்டம் பிறந்தபோது அதன் எல்லைக்கு வெளியே இருந்த ஊர், இன்று அச்சட்டத்தின் பெயரால் அறியப்படும் நிலையத்தைத் தன்னகத்தே கொண்டிருக்கிறது. இங்கிலாந்தோ 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிப் பார்ஸ்டல் முறையையே நீக்கிவிட்டது. பெயர் பிறந்த நாட்டில் மறைந்து நம் நாட்டில் நிலைத்திருக்கிறது!

அச்சட்டம் சொல்வதைச் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். 16 முதல் 21 வயதுக்கு உட்பட்ட இளங்குற்றவாளியைச் சிறைத் தண்டனைக்கு மாற்றாக, இரண்டு ஆண்டுக்குக் குறையாமலும் ஐந்து ஆண்டுக்கு மேற்படாமலும் பார்ஸ்டல் பள்ளியில் வைக்க ஆணையிடலாம். 23 வயதுக்கு மேல் அவனை அங்கே வைத்தல் கூடாது. சிறார் நீதிச் சட்டம் 2000ஆம் ஆண்டில் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் தன் பாதுகாப்பின்கீழ்க் கொண்டுவந்தபின், கீழெல்லை நடைமுறையில் 18 ஆயிற்று. "சிறைத் தண்டனைக்கு மாற்றாக" என்னும் சொற்களிலேயே இச்சட்டத்தின் உயிர் இருக்கிறது. இவ்விளைஞனுக்குத் தேவை பயிற்சி என்று நீதிமன்றம் கூறுகிறது. பயிற்றுவிக்கக் கற்றவர் உள்ளே இல்லையாயின், அவ்வாணை வெறுஞ்சொல்லாகிவிடும். பையனோ பெயர் மாறிய சிறையில் ஆண்டுகளைக் கழிப்பான். ஆகவே சீர்திருத்தப் பணிக்கு யார் வருகிறார்கள், எதைக் கற்று வருகிறார்கள் என்பது பத்தொன்பது வயதுப் பிள்ளையின் வாழ்வைப் பற்றிய வினாவாகிறது.

நுழையும் வாயில்கள்

வேலைவாய்ப்புச் செய்திகளைச் சுருக்கமாகவே கூறுவோம். விளம்பர அறிவிக்கைகள் அவற்றை விரிவாகத் தரும். துறையின் பெயர் இன்று சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை என்பதாகும். அடிப்படை நிலையான இரண்டாம் நிலைச் சிறைக் காவலர் பணிக்குத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் தெரிவு செய்கிறது. காவலர், தீயணைப்பாளர் ஆகியோருக்கு நடத்தும் பொதுத்தேர்வின் வழியே இதுவும் நிகழும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எழுத்துத் தேர்வோடு உடல் அளவும் உடல் திறனும் சோதிக்கப்படும். ஆலங்குடிச் சாலையிலும் விராலிமலைப் பக்கத்திலும் விடியுமுன் ஓடிப் பழகும் இளைஞருட் பலர் இத்தேர்வை நோக்கியே ஓடுகின்றனர். காவல்துறை கிடைத்தால் நன்று, இல்லையேல் சிறைத்துறையாவது கிடைக்கட்டும் என்று எண்ணுபவரே மிகுதி. இரண்டாம் விருப்பமாக வந்து சேர்ந்தவருள்ளும் நல்ல காவலர் பலர் உண்டாதலின் இதனைக் குறையாகக் கூறவில்லை. ஆயின் எங்கே செல்கிறோம் என்று அறியாமல் செல்வது நன்றன்று.

பட்டம் பெற்றோர்க்கு உதவிச் சிறை அலுவலர், சிறை அலுவலர் ஆகிய பதவிகள் உண்டு. இவற்றிற்கான தேர்வைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்துகிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே பணியிடங்கள் உண்டு என்பதை நம் பெண்மக்கள் பலர் அறியார். காவலர்க்கான பயிற்சிப் பள்ளி திருச்சியில் இருக்கிறது. அலுவலர்க்கோ வேலூரில் 1979 முதல் இயங்கும் சிறை மற்றும் சீர்திருத்த நிர்வாகக் கழகம் உண்டு. தென்மாநிலங்கள் இணைந்து நடத்தும் கல்வி நிலையம் அது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒன்று கூறுவோம்: நார்வே நாட்டில் சாதாரணச் சிறைக் காவலராக விரும்புபவரும் ஊதியத்தோடு ஈராண்டுக் காலம் உயர்கல்வி பெற்றாக வேண்டும். சட்டம், உளவியல், அறவியல், சமூகப்பணி ஆகிய யாவும் அதில் அடங்கும். நம் நாட்டின் வறுமையும் மக்கள்தொகையும் வேறு. எனினும் காவலர்க்கு இவ்வளவு கல்வி எதற்கு என்று அங்கே எவரும் கேட்பதில்லை.

முறையாகக் கற்க விரும்புவோர் சென்னைப் பல்கலைக்கழகத்திலும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் பயிலலாம். சமூகப்பணிக் கல்விக்கு 1952இல் தொடங்கிய சென்னைச் சமூகப்பணிப் பள்ளி பழமையானது. பம்பாயின் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இவை யாவற்றிற்கும் முன்னோடி. 1936இல் அதனை நிறுவி முதல் இயக்குநராயிருந்தவர் கிளிஃபர்டு மான்ஷார்ட் என்னும் அமெரிக்க அருட்பணியாளர். நாக்பாடாப் பகுதியின் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளிடையே பணி செய்துவந்த அவர், நல்லெண்ணம் மட்டும் இருந்தால் சமூகத்தொண்டு செய்துவிடலாம் என்பதை ஏற்கவில்லை. அதற்குப் பயிற்சி வேண்டும் என்று கண்டார். 1951-52இல் ஐக்கிய நாடுகள் அவை அனுப்பிய வல்லுநர் வால்டர் ரெக்லெஸ், இந்தியச் சிறைகளைப் பார்வையிட்டு அறிக்கை அளித்ததோடு, அந்நிறுவனத்தில் சிறை அலுவலர்க்குப் பயிற்சியும் அளித்தார். சிறைப்பணி ஒரு கல்வித்துறையாக இந்நாட்டில் வேர்கொண்டது அவ்வாண்டுகளில் என்று கொள்ளலாம்.

உண்மையில் கற்க வேண்டியவை

தேர்வுக்குரிய பொது அறிவு நூல்களை மனனம் செய்வது எளிது. அவற்றில் இல்லாதவற்றைப்பற்றியே நாம் மிகுதியாகப் பேச விரும்புகிறோம்.

சிறையில் இருப்பவர் யார்? 'கைதி' என்றால் 'குற்றவாளி' என்றே நம் நாவு பழகிவிட்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர், அதாவது நால்வரில் மூவர், விசாரணைக் கைதிகள். அவர்கள்மீது குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. குற்றம் செய்தானா என்பதே முடிவாகாத ஒருவனை எவ்வாறு திருத்துவது? இவ்வினாவை எதிர்கொள்ளாமல் சீர்திருத்தப் பணிக்குள் நுழைபவன், எதிரில் நிற்பவனை முதல் நாளிலேயே தீர்ப்பிட்டுவிடுகிறான். விசாரணைக் கைதிக்குச் சிறை ஊழியன் செய்யக்கூடிய மிகப்பெரிய நன்மை, அவனை நல்லவனாக்க முயல்வதினும், அவன் வழக்கு நாள் தவறாமல் நடக்கவும், வழக்கறிஞரைக் காணவும், வீட்டார் 'மனு'ப் போட்டு வந்தால் சந்திக்கவும் வழி செய்வதேயாகும்.

இங்கே கணக்கறிவு அறச்செயலாகிறது. 2024 சூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவைக் காண்க. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்கள் நீங்கலாக, விசாரணைக் கைதி ஒருவன் தன்மேல் சாட்டப்பட்ட குற்றத்திற்குரிய மீப்பெருந் தண்டனையில் பாதிக் காலத்தை உள்ளே கழித்துவிட்டால் பிணையில் விடப்பட வேண்டும். இதற்குமுன் தண்டனை எதுவும் பெறாதவனாயின் மூன்றில் ஒரு பங்கே போதும். வழக்குகள் பல நிலுவையில் இருப்பவர்க்கு இது பொருந்தாது என்பன போன்ற விலக்குகளும் உண்டு. அந்நாள் வந்தவுடன் நீதிமன்றத்திற்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கும் கடமையைச் சட்டம் யார்மேல் வைத்திருக்கிறது? சிறைக் கண்காணிப்பாளர்மேல்! முதன்முறை ஒரு வழக்கில் சிக்கிய கந்தர்வக்கோட்டைக் கூலித் தொழிலாளியின் மகன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். வழக்கறிஞர் இல்லை, பிணை என்ற சொல்லே வீட்டாருக்குப் புதிது. அவன் சேர்ந்த நாளையும், சாட்டப்பட்ட பிரிவையும், மூன்றில் ஒரு பங்கு நிறையும் நாளையும் கணக்கிட்டுக் கோப்பில் குறிக்கும் எழுத்தர்தாம் அவனுக்கு வாய்த்த வழக்கறிஞர். அக்கணக்கு ஒரு மாதம் தவறினால் ஓர் இளைஞனின் வாழ்வில் ஒரு மாதம் காரணமின்றிக் கழியும்.

பதிவேடு எழுதுதல் சலிப்பூட்டும் வேலையென்று பயிற்சி பெறுவோர் நினைப்பதுண்டு. அதன் எடையை உணர்த்த, நம் சபைகள் மறவாத ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறோம். 2020 சூன் 19ஆம் நாள் சாத்தான்குளத்தில் ஜெயராஜ் என்பவரும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல்துறையினரால் பிடிக்கப்பட்டனர். மறுநாள் நீதிமன்றக் காவலுக்கு ஆளாகிக் கோவில்பட்டி கிளைச் சிறையில் சேர்க்கப்பட்டனர். 22ஆம் நாள் இரவு மகனும், 23ஆம் நாள் விடியற்காலையில் தந்தையும் மரித்தனர். காவல் நிலையத்தில் நடந்த சித்திரவதைக்காக மத்தியப் புலனாய்வுத் துறை காவல்துறையினர்மீது கொலைக் குற்றம் சாட்டிற்று. சிறைப் பணிக்குக் கற்பவன் அந்நிகழ்ச்சியில் நோக்க வேண்டியது சிறை வாயிலை. புதிதாக வருபவனின் உடலை மருத்துவர் பார்வையிட வேண்டும், காயம் இருப்பின் அதனை எழுத வேண்டும், உரியவர்க்கு அறிவிக்க வேண்டும் என்னும் விதிகள் எவ்வளவோ காலமாக உள்ளன. ஒருவனை ஓரிடத்து அதிகாரத்திலிருந்து மற்றோரிடத்து அதிகாரத்திற்கு மாற்றும் அந்த ஒரு கணத்தில், அஞ்சாமல் உண்மையை எழுதும் ஒரு கை இருந்தால், அவ்வெழுத்து உயிரைக் காக்கும். காக்க முடியாதவிடத்தும் சான்றாக நிற்கும். தன்னைவிட உயர்ந்த பதவியினரான காவல் அலுவலர் எதிரில் நிற்கும்போது, இருபத்திரண்டு வயது இளைஞன் அவ்வாறு எழுதுவானா? விதி தெரிந்தவன் எழுதக்கூடும். தெரியாதவன் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்தே எழுதுவான்.

பிலிப்பிப் பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனைக் குறித்து நாம் பிரசங்கிக்கும்போது நிலநடுக்கத்தையும் அவன் மனமாற்றத்தையும் விரித்துரைக்கிறோம். அந்த இரவிலேயே அவன் தன் கைதிகளின் காயங்களைக் கழுவினான் என்பதை விரைந்து கடந்துவிடுகிறோம். அக்காயங்கள் அவன் உண்டாக்கியவை அல்ல; அடிபட்டே அவனிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள் அவர்கள். பெற்றுக்கொண்டபோது பாராத காயத்தை அவன் பின்னர்ப் பார்த்தான்.

அடுத்து, சாதி. மதிலுக்கு வெளியே உள்ளது மதிலுக்கு உள்ளேயும் உண்டு. சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், 2024 அக்டோபர் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பல மாநிலச் சிறைக் கையேடுகளில் சாதியின்படி வேலை பிரித்துக் கொடுத்த விதிகளை அரசியல் சட்டத்திற்கு மாறானவை என்று நீக்கியது. துப்புரவு இன்னார்க்கு, சமையல் இன்னார்க்கு என்று எழுதிவைத்த விதிகள் இருபத்தோராம் நூற்றாண்டு வரை அச்சில் இருந்தன! அவ்வழக்கில் பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததும் பேசப்பட்டது. கலகம் நேராமலிருக்கவே பிரித்தோம் என்பது வழக்கமான விடை. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பணியில் சேர்பவனும் ஒரு சாதியில் பிறந்தவனே என்பதை மறத்தலாகாது. தன் ஊர்க்காரனுக்கு ஒரு குரலும் மற்றவனுக்கு வேறு குரலும் கொள்பவன் எத்தனை தேர்வுகளில் தேறியிருந்தாலும் இப்பணிக்கு ஆயத்தமாகவில்லை. நம் சபைகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதனைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை என்று கூற விரும்புகிறோம், கூற இயலவில்லை.

அதிகாரம் ஒருவனை என்ன செய்யும் என்பதும் பாடத்தின் பகுதி. 1971இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் சிம்பார்டோ நடத்திய சோதனையைப் பலர் கேட்டிருப்பர். மாணவர் சிலரைக் காவலராகவும் சிலரைக் கைதிகளாகவும் நடிக்கச் செய்தார். காவலர் கொடுமையிற் புகுந்தமையால், இரு வாரத்திற்கெனத் திட்டமிட்டது ஆறு நாளில் நிறுத்தப்பட்டது. சூழ்நிலை எவரையும் கொடியவராக்கிவிடும் என்பதற்குச் சான்றாக நெடுங்காலம் இதனைப் பாடநூல்கள் கூறிவந்தன. ஆனால் பழைய ஒலிப்பதிவுகளையும் குறிப்புகளையும் அண்மையில் ஆராய்ந்தோர், கடுமையாக நடக்கும்படி காவலர்க்கு முன்னரே தூண்டுதல் தரப்பட்டிருந்தது என்று காட்டியுள்ளனர். இத்திருத்தம் எமக்கு நம்பிக்கை அளிக்கிறது. கொடுமை சீருடையிலிருந்து தானே முளைப்பதன்று. மேலிருப்பவர் எதை எதிர்பார்க்கிறார் என்பதிலிருந்து பெரிதும் முளைக்கிறது. அவ்வாறாயின் நல்ல எதிர்பார்ப்பையும் கற்பிக்க இயலும். முதல் மாதத்தில் மூத்த காவலர் ஒருவர், "அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடு, தம்பி" என்று சொல்வது ஒரு பருவத்துப் பாடத்திற்கு ஈடாகும்.

சட்டத்தின் பக்கமும் ஒரு சொல். சிறைகளுக்கான 1894ஆம் ஆண்டுச் சட்டமும் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறை விதிகளும் தேர்வுக்குரியவை. அவற்றோடு சுனில் பத்ரா வழக்கின் தீர்ப்புகளையும் (1978, 1980) படிக்குமாறு பரிந்துரைக்கிறோம். சிறைக்குள் செல்பவன் தன் அடிப்படை உரிமைகளை வாயிலில் கழற்றி வைத்துவிட்டுச் செல்வதில்லை என்பதை நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அவற்றில் நிலைநாட்டினார். கைதி ஒருவர் மற்றொரு கைதிக்கு இழைக்கப்பட்ட கொடுமையைப்பற்றி எழுதியனுப்பிய கடிதத்தையே மனுவாக ஏற்று 1980ஆம் ஆண்டுத் தீர்ப்பு எழுந்தது. கைதி கொடுக்கும் கடிதத்தைக் கிழித்தெறியும் கை எத்தகைய வாயிலை அடைக்கிறது என்பது இதனால் விளங்கும்.

சமயம் பற்றியும் கூறிவிடுவோம். கிறிஸ்தவ இளைஞன் சிறைக் காவலனானால் கைதிகளுக்குப் போதிக்கலாமே என்று சில பெரியவர்கள் மகிழ்கின்றனர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. கேட்க விருப்பமில்லாதவன் எழுந்து போக முடியாத இடம் சிறை. திறவுகோல் வைத்திருப்பவன் சொல்லும் போதனைக்குக் கைதி தலையசைப்பது நம்பிக்கையாலா, நாளைய சலுகைக்காகவா என்று எவர் அறிவார்? வெளியிலிருந்து, அனுமதி பெற்று, விரும்பி வருவோரிடம் பேசுவது போதகரின் வேலை. காவலனுடைய வேலை எல்லாச் சமயத்தாரையும் ஒருபோலக் காப்பது.

வீடும் சபையும்

சிறைக் காவலன் முறைப்பணியில் இருப்பவன். ஞாயிறும் பண்டிகையும் அவனுக்குப் பணி நாட்களாக அமைவது இயல்பு. ஆராதனைக்கு மூன்று வாரம் வரவில்லையென்று சபையார் முணுமுணுக்கும்போது, அவன் இரவுப் பணி முடிந்து உறங்கிக்கொண்டிருப்பான். நாள் முழுதும் வசையும் அழுகையும் பொய்யும் கேட்டுக் கேட்டு, வீட்டில் பேச்சற்றுப்போகிறவர் உண்டு. அதிகாரக் குரலை வீட்டிற்கும் கொண்டுவருகிறவர் உண்டு. குடியில் மறக்க முயல்கிறவரும் உண்டு. கைதி தற்கொலை செய்துகொண்டால் முதலில் காண்பவன் அவன். விளக்கம் எழுதுபவனும் அவனே. கைதிகளின் குடும்பங்களுக்கு உதவும் சங்கங்களை நாம் ஏற்படுத்தியிருக்கிறோம். காவலனின் மனையாளிடம், "வீட்டில் எப்படி இருக்கிறார், அம்மா?" என்று கேட்ட போதகர் எத்தனை பேர்? இறையியற் கல்லூரிகளின் ஆற்றுப்படுத்தல் பாடத்தில் மருத்துவமனை ஊழியர்க்கு இடம் உண்டு. சிறை ஊழியர்க்கும் இடமளிக்கலாம்.

சிறைக்கு முன்னே ஒரு வாயில்

சீர்திருத்தப் பணி என்றால் சிறை மட்டுமே என்று நினைப்பது ஒரு பெரும் குறைபாடு. அறந்தாங்கியிலோ திருமயத்திலோ பட்டம் முடித்து, மனிதரோடு பழகும் குணமும் எழுத்துத் திறனும் உடைய பிள்ளை ஒருவர் எம்மிடம் வந்தால், நாம் முதலில் கூறுவது நன்னடத்தை அலுவலர் பணியையே. சிறைத்துறையில் இப்பதவி உண்டு. நெடுங்காலம் சமூகப் பாதுகாப்புத் துறை என்று அழைக்கப்பட்ட துறையிலும் உண்டு. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 2 தேர்வுவழியே ஆள் எடுக்கும் பதவிகளுள் இதுவும் ஒன்று. சார்பதிவாளர் ஆக விரும்பி அத்தேர்வை எழுதுகிறவர் பலர். இதனை விரும்பி எழுதுகிறவர் அரியர்.

சென்னை மாகாணம் 1936ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் செய்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1958இல் வந்தது. அதன் ஆறாம் பிரிவு, பார்ஸ்டல் சட்டம் பேசும் அதே இளைஞரைப்பற்றியே பேசுகிறது. ஆயுள் தண்டனைக்கு உரியதல்லாத குற்றத்தில் 21 வயது நிரம்பாதவன் ஒருவன் குற்றவாளியெனக் காணப்பட்டால், வேறு வழியில்லை என்று காரணம் எழுதினாலன்றி நீதிமன்றம் அவனைச் சிறைக்கு அனுப்புதல் கூடாது. அதனை முடிவு செய்யுமுன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை நீதிபதி கேட்டுப் பெற வேண்டும்.

அவ்வறிக்கை எவ்வாறு எழுகிறது என்பதைச் சொல்லி முடிப்போம். அலுவலர் பேருந்தில் ஏறி அவ்வூருக்குச் செல்கிறார். தாயிடம் பேசுகிறார், தந்தை திருப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ இருந்தால் தொலைபேசியில் அழைக்கிறார். எந்த வகுப்பில் பள்ளியை விட்டான், ஏன் விட்டான் என்று தலைமையாசிரியரிடம் வினவுகிறார். உடன் சுற்றியவர் யார், குடிப்பழக்கம் உண்டா, கடன் உண்டா, அவனுக்கு வேலை கொடுக்க ஊரில் எவரேனும் முன்வருவரா, இழப்புக்குள்ளானவர் என்ன சொல்கிறார் என்று கேட்டறிகிறார். ஊர்ப் பெரியவர் சொல்வதை அப்படியே எழுதாமல், மற்றத் தெருவுக்கும் சென்று கேட்கிறார். பின்பு அலுவலகம் திரும்பி, கண்டதைக் கண்டவாறே, தன் விருப்பு வெறுப்பு நுழையாமல், மூன்று நான்கு பக்கங்களில் எழுதுகிறார். தீர்ப்புக்கு முன்னால் அந்தப் பக்கங்கள் நீதிபதியின் மேசைமேல் இருக்கும். கூண்டில் நிற்கும் பையன் அவற்றைப் படித்திருக்க மாட்டான். ஆனால் அவன் அன்று மாலை தன் தாயோடு ஊருக்குப் பேருந்து ஏறுவதும், காவலரோடு புதுக்கோட்டைக்கு வண்டி ஏறுவதும் பெரும்பாலும் அவற்றைப் பொறுத்தே இருக்கும்.